சுவர் யாருடையது?

இலண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் முதன்முறையாக வீடு வாங்க முனையும் குடும்பத்தின் கைக்கு எட்டுவது பெரும்பாலும் அடுக்ககத்தில் ஒரு குடியிருப்பே. அதிலும் சேமிப்புக்கும் வங்கிக் கடனுக்கும் அடங்கும் விலையில் வருவது, பல வேளைகளில், குளிரைத் தடுக்க வலிமையற்ற குடியிருப்பாக இருக்கிறது. சுவரில் வெப்பக்காப்பு இராது. சன்னல்களில் ஒற்றைக் கண்ணாடி. எரிவாயு இணைப்பு இன்றி மின்சூடேற்றிகள் மட்டும். ஆற்றல் திறன் சான்றிதழில் கடைசிக்கு முந்திய ‘எஃப்’ தரம். ஆயினும் அறைகள் பெரியவை; பள்ளி அருகில்; தொடருந்து நிலையம் நடைதூரம்; விலையோ பக்கத்துத் தெருவைவிடக் குறைவு. கோடையில் போய்ப் பார்த்த குடும்பம் இலையுதிர் காலத்தில் கையொப்பம் இட எண்ணுகிறது.

ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது ஏட்டுச் செய்தியன்று; இன்றோ நாளையோ தீர்த்தாக வேண்டிய வினா. ‘முதலில் கையில் ஒரு வீடு வரட்டும், குளிரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதே உற்றாரும் நண்பரும் கூறும் அறிவுரை. வாடகை கொடுத்துக் களைத்தவர் காதில் அது இனிமையாகவே விழும். அந்த அறிவுரையை நாம் ஏற்கவில்லை. அதற்காக, எஃப் தரக் குடியிருப்பு எதையும் தீண்டாதீர் என்று பொதுவிதி வகுக்கவும் நாம் முற்படவில்லை. வீடு ஏன் குளிர்கிறது என்பதையும், அக்காரணத்தை நீக்கும் உரிமை விலையோடு சேர்ந்து நம் கைக்கு வருகிறதா என்பதையும் அறியும்வரை எவரும் கையொப்பம் இடலாகாது. முதல் வினாவையாவது சிலர் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர் அரியர். இடர் முழுவதும் அந்த இரண்டாவது வினாவில்தான் இருக்கிறது.

குளிரும் வீடு என்பது வசதிக் குறைவு மட்டுமே என்ற எண்ணம் முதலில் நீங்க வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுநல வழிகாட்டி, குளிர்காலத்தில் வீட்டின் உள்வெப்பம் 18 பாகை செல்சியசுக்குக் கீழே போகலாகாது என்று வரையறுத்தது. முதியோரும் குழந்தைகளும் நெடுநாள் நோயாளரும் வாழும் வீடுகளில் அதனினும் கூடுதலான வெப்பம் தேவைப்படலாம் என்றும் கூறியது. உடல் குளிரும்போது குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. குருதி அழுத்தம் ஏறுகிறது. இதயமும் மூளையும் அதன் சுமையைத் தாங்குகின்றன. மூச்சுக்குழல் நோயுடையோர்க்குக் குளிர்ந்த காற்றே தூண்டுகோல். ஊரிலிருந்து அழைத்து வந்து நம்முடன் வைத்துக்கொண்டிருக்கும் தாய் தந்தையர் பகல் முழுவதும் வீட்டிலேயே இருப்பவர்கள். வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவோர் மாலையில் சில மணிநேரம் சூடேற்றினால் போதும் என்று போடும் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

குளிர்ந்த சுவர் ஈரத்தை இழுக்கும். நால்வர் வாழும் வீட்டில் மூச்சு, சமையல், குளியல், துணி உலர்த்தல் ஆகியவற்றால் ஒரு நாளில் பல லிட்டர் நீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. சோறு வடித்து, புட்டும் இட்டலியும் ஆவியில் அவித்து, குளிர்காலத்தில் துணியைச் சூடேற்றியின்மேல் விரிக்கும் நம் இல்லங்களில் அது இன்னும் கூடுதல். வெதுவெதுப்பான சுவரில் அந்த ஆவி தங்காது. காப்பற்ற சுவரிலோ, அலமாரியின் பின்புறத்திலும் மூலைகளிலும் சன்னல் விளிம்பிலும் நீராய்ப் படிந்து, சில வாரங்களில் கரும்பூஞ்சணமாய்ப் படர்கிறது. சமைப்பதைக் குற்றமாக்குவது எளிது. குளிர்ந்த சுவரை எழுப்பியவரை எவரும் கேட்பதில்லை.

இதன் கொடிய விளைவை இந்நாடு கண்டது. 2020 டிசம்பரில் ரோச்டேல் நகரில் அவாப் இஷாக் என்னும் இரண்டு வயதுக் குழந்தை மூச்சுக்குழல் பாதிப்பால் உயிர்நீத்தது. அது வாழ்ந்த வாடகைக் குடியிருப்பில் பூஞ்சணம் படர்ந்திருந்தது, பெற்றோர் முறையிட்டிருந்தனர். நெடுநாள் பூஞ்சணத்துக்கு ஆட்பட்டதே அச்சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் இறப்பு விசாரணை அலுவலர் முடிவு கூறினார். சூடானிலிருந்து வந்த அக்குடும்பத்தின் வாழ்க்கைமுறைமீதே வீட்டை நடத்தியோர் பழியைச் சுமத்தியிருந்தனர் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. புலம்பெயர்ந்தோர் அனைவரும் நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி இது. குழந்தையின் பெயரால் வழங்கும் சட்டம் 2023இல் நிறைவேறி, 2025 அக்டோபர் முதல் சமூக வாடகை வீடுகளில் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் நீக்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்துகிறது. விலை கொடுத்து வாங்கியவருக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. அவர் தம்மிடமே முறையிட வேண்டியவர். தம் கையிலோ உரிமை இல்லை.

அந்த உரிமைக்கு வருமுன், வீடு ஏன் குளிர்கிறது என்பதைப் பார்ப்போம். இலண்டனில் விற்பனைக்கு வரும் குளிர்ந்த குடியிருப்புகள் பெரும்பாலும் இரு குடிகளைச் சேர்ந்தவை.

முதற்குடி, விக்டோரியா அரசி காலத்து வரிசை வீடுகளைப் பிற்காலத்தில் இரண்டாகவோ நான்காகவோ பிரித்தவை. இவற்றின் சுவர் ஒன்பது அங்குலக் கனமுள்ள கெட்டிச் செங்கற்சுவர். நடுவில் இடைவெளி இல்லை. தெருவில் நின்றே இதை அறியலாம். செங்கல்லின் நீண்ட பக்கமும் குறுகிய முனையும் மாறிமாறித் தெரிந்தால் அது பெரும்பாலும் கெட்டிச் சுவர். நீண்ட பக்கங்கள் மட்டுமே தெரிந்தால் இரு சுவர்களுக்கிடையே வெற்றிடம் இருக்கக்கூடும். அவ்வெற்றிடத்தில் பிற்காலத்தில் காப்பு நிரப்பியிருந்தால், சாந்து இணைப்புகளில் துளையிட்டு அடைத்த வட்டத் தழும்புகள் சீரான இடைவெளியில் காணப்படும். கெட்டிச் சுவரில் நிரப்ப இடமில்லை. உள்ளேயோ வெளியேயோ பலகை அடித்துத்தான் காக்க வேண்டும். தரைத்தளமாயின், மரப்பலகைத் தரையின் அடியில் காற்றோடும் வெற்றிடம். மேல்தளமாயின், தலைக்குமேல் கூரை. வரிசையின் ஓரத்து வீடு என்றால் மூன்று பக்கமும் வெளிச்சுவர். நடுத்தளத்தில், இருபுறமும் மேலும் கீழும் சூடேற்றிய வீடுகள் சூழ இருக்கும் குடியிருப்பு அதே கட்டடத்தில் பாதிச் செலவில் சூடாக இருக்கக்கூடும். கட்டடத்தின் அகவையைக் கேட்பவர், அதனுள் குடியிருப்பு எந்த இடத்தில் அமைந்திருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

இரண்டாங்குடி, போருக்குப்பின் எழுந்த கற்காரை அடுக்ககங்கள். இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமான கட்டட விதிகள் 1965இல்தான் வந்தன. வெப்ப இழப்புக்கு அவை வைத்த வரம்பு மிகத் தளர்ந்தது; 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகே அது இறுகத் தொடங்கியது. அதற்கு முன்னர் அவசரமாய் எழுப்பிய கோபுரங்கள், தொழிற்சாலையில் வார்த்த பெரும் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கியவை. நியூகாம் பகுதியில் 22 மாடிகளோடு நின்ற ரோனன் பாயின்ட் அத்தகையது. 1968 மே 16 அதிகாலையில் பதினெட்டாம் தளத்தில் எரிவாயு வெடித்து, அக்கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்து நால்வர் மாண்டனர். அதன்பின் அவ்வகைக் கட்டடங்கள் பலவற்றில் எரிவாயு இணைப்பே நீக்கப்பட்டது; சூடேற்ற மின்சாரம் மட்டுமே எஞ்சியது. காப்பில்லாத கற்காரையும் விலை மிகுந்த மின்சாரமும் ஒரே கூரையின்கீழ் சேர்ந்த வரலாறு இதுதான். 1980ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், நகராட்சி வாடகையாளர் தம் குடியிருப்பையே வாங்கிக்கொள்ளும் உரிமையை அளித்தது. அவ்வாறு வாங்கியோரிடமிருந்து கைமாறிக் கைமாறி இன்று சந்தைக்கு வருபவற்றுள் இத்தகைய குடியிருப்புகளும் உண்டு.

இழப்பின் அளவை எண்ணால் உணர்வது நன்று. வெளிக்காற்றை நோக்கிய கெட்டிச் செங்கற்சுவர் 30 சதுர மீட்டர் இருப்பதாகக் கொள்வோம். வெளியே 6 பாகை, உள்ளே 18 பாகை. இத்தகைய சுவர் ஒவ்வொரு சதுர மீட்டரிலும், ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும், ஏறத்தாழ 1.7 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த 12 பாகை வேறுபாட்டில் சுவர் இடைவிடாமல் இழப்பது 600 வாட்டுக்குச் சற்று மேல். நாளொன்றுக்கு 15 அலகு. ஓர் அலகு மின்சாரம் 26 பென்ஸ் என்றால், அந்தச் சுவருக்கு மட்டும் நாள்தோறும் 4 பவுண்டுக்கு அருகில், மாதத்துக்கு 115 பவுண்டுக்குமேல். முறையாகக் காப்பிட்டால் இழப்பு ஆறில் ஒரு பங்காகக் குறையும். செலவு நாளுக்கு 70 பென்ஸ் அளவில் நிற்கும். எரிவாயு அலகு 6 பென்ஸ் அளவில் கிடைக்கும் வீட்டில், காப்பில்லாவிடினும், அதே இழப்பை ஒரு பவுண்டில் ஈடுகட்டிவிடலாம். சன்னலும் தரையும் கதவிடுக்குக் காற்றும் இக்கணக்கில் சேரவில்லை. 2022 அக்டோபரில் சராசரிக் குடும்பத்தின் ஆண்டுக் கட்டண வரம்பு 3,549 பவுண்டாக அறிவிக்கப்பட்டு, அரசு தலையிட்டு அதை 2,500இல் நிறுத்திய நாள்களை மறந்திருக்க முடியாது. காப்புள்ள வீட்டார் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தனர். காப்பில்லாத மின்சூட்டு வீட்டார் ஓர் அறையில் ஒடுங்கினர்.

இனி, உரிமை.

இங்கிலாந்திலும் வேல்சிலும் அடுக்ககக் குடியிருப்பை வாங்குவோர் பெரும்பாலும் வாங்குவது நெடுங்காலக் குத்தகையையே. லீஸ்ஹோல்ட் என்று நாம் நாள்தோறும் சொல்லும் அந்த உரிமை 99 ஆண்டுக்கோ 125 ஆண்டுக்கோ அதற்கு மேலோ எழுதப்பட்டிருக்கும். நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டர் எனப்படும் மூல உரிமையாளரிடமே நிற்கும். அவர் நகராட்சியாக இருக்கலாம். முகமறியாத முதலீட்டு நிறுவனமாகவும் இருக்கலாம். வழக்கமான ஒப்பந்தத்தில் வாங்குபவருக்கு உரியவை உட்பூச்சும், தரைப்பலகையும், உள்ளறைத் தடுப்புகளும். வெளிச்சுவரும் கூரையும் அடித்தளமும், பல ஒப்பந்தங்களில் சன்னற் சட்டங்களும்கூட, மூல உரிமையாளருடையவை. இலட்சக்கணக்கில் பவுண்டைக் கொட்டிய குடும்பம், தன்னைக் குளிரிலிருந்து பிரிக்கும் சுவரின் ஓர் அங்குலத்துக்கும் உரியதாகாது.

மூல உரிமையாளரின் கடமை என்ன? பழுதைச் சீர்செய்வது. இருப்பதை மேம்படுத்துவது அவருடைய கடமையாகப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதப்படவில்லை. காப்பில்லாமல் கட்டிய சுவர் காப்பில்லாமல் நிற்பது சட்டத்தின் கண்ணில் பழுதாகாது. அது கட்டியபடியே இருக்கிறது. ஆகவே குடியிருப்போர் எத்தனை மடல் எழுதினாலும் அவர் அசைய வேண்டியதில்லை. மாறாக, அவரே ஒருநாள் பெரும்பணி செய்ய முடிவெடுத்து, ஒப்பந்தமும் அதற்கு இடம் தந்தால், செலவு குடியிருப்போர்மீது பகிரப்படும். ஒரு பணிக்கு ஒருவர் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் முன்கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கேட்டபின் செய்வதைத் தடுக்கும் ஆற்றல் அக்கருத்துக்கு இல்லை. நகராட்சிக் கோபுரங்களில் குடியிருப்போர் பல்லாயிரம் பவுண்டுக்குச் சீட்டுப் பெற்றுக் கலங்கிய செய்திகள் நாம் அறிந்தவையே. மூல உரிமையாளர் விரும்பினால் நாம் கொடுத்தாக வேண்டும். நாம் விரும்பினால் அவர் செய்ய வேண்டியதில்லை. இந்தச் சமனின்மையைத்தான் மலிவான எஃப் தரக் குடியிருப்பு தன்னோடு கொண்டுவருகிறது.

உள்ளிருந்தே சீர்செய்துகொள்ளலாம் என்று விற்பனை முகவர் ஆறுதல் கூறுவார். ஓரளவுக்கு அது மெய்யே. இருக்கும் சன்னலுக்கு உட்புறமாக இரண்டாம் கண்ணாடிச் சட்டம் பொருத்தலாம். தொன்மைப் பாதுகாப்புப் பகுதிகளிலும் இதற்குத் தடை குறைவு. கதவிடுக்கையும் பயன்படாத புகைபோக்கியையும் அடைக்கலாம். சமையலறையிலும் குளியலறையிலும் ஆவியை இழுத்து வெளியேற்றும் நல்ல விசிறியைப் பொருத்தலாம். இவை சில நூறு முதல் சில ஆயிரம் பவுண்டுக்குள் முடியும். உள்ளே காப்புப் பலகை அடிப்பது வேறு வகை. அறை சுருங்கும்; மின்இணைப்பும் சூடேற்றியும் இடம் மாறும். ஆவியின் ஓட்டத்தை அறியாதவர் அடித்தால், பலகைக்குப் பின்னே நீர் தேங்கி, சுவரில் செருகிய மரவிட்டங்களின் முனைகள் கண்ணுக்குத் தெரியாமலே உளுத்துப்போகும். இதற்கும் மூல உரிமையாளரின் எழுத்து இசைவு வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தங்கள் பல. மின்செலவை மூன்றில் ஒரு பங்காக்க வல்ல, ‘ஹீட் பம்ப்’ எனப்படும் வெப்ப ஏற்றியைப் பொருத்துவோம் என்றால், அதன் வெளிப்பெட்டியை மாட்ட ஒரு வெளிச்சுவர் வேண்டுமே. அது யாருடையது?

இதே தீவில், எல்லைக்கு அப்பால், இந்த முடிச்சு அவிழ்க்கப்பட்டிருக்கிறது. ஸ்காட்லாந்தில் குடியிருப்பை வாங்குவோர் குத்தகையாளர் ஆவதில்லை; உரிமையாளரே ஆகின்றனர். கிளாஸ்கோவின் மணற்கல் அடுக்கு வீடுகளில் கூரையும் பொதுச்சுவரும் பற்றிய முடிவை உரிமையாளர் கூடி எடுக்க 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிவகுத்தது. 2009இல் இயற்றிய காலநிலைச் சட்டம் அதனுள் ஒரு திருத்தம் செய்தது: வெப்பக்காப்பு இடுவதும் பராமரிப்பே என்றது. அனைவரும் இசைய வேண்டும் என்ற நிலை மாறி, பெரும்பான்மையோர் இசைந்தால் போதும் என்றானது. அங்கும் பணமுடையும் அண்டைவீட்டார் பிணக்கும் உண்டு. எல்லாக் கட்டடங்களும் காப்புப் பெற்றுவிடவில்லை. ஆயினும் குளிரும் குடும்பம் அண்டைவீட்டுக் கதவைத் தட்டிப் பெரும்பான்மை தேட முடிகிறது. இங்கிலாந்தில் பெரும்பாலோர்க்குத் தட்டுவதற்குக் கதவே இல்லை.

கதவு உள்ள குடியிருப்புகள் இங்கும் சில உண்டு என்பதால்தான் பொதுவிதி வகுக்க மறுத்தோம். விக்டோரியா கால வீட்டை மூன்றாகவோ நான்காகவோ பிரித்த இடங்களில், குடியிருப்போரே ஒரு நிறுவனம் அமைத்து மூல உரிமையைக் கூட்டாக வைத்திருப்பது உண்டு. விளம்பரங்களில் அது ‘ஷேர் ஆஃப் ஃப்ரீஹோல்ட்’ என்று வரும். அங்கே கூரைக்குக் காப்பிடவும் பின்சுவருக்கு வெளிப்பலகை அடிக்கவும் மூன்று குடும்பங்கள் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும். அத்தகைய எஃப் தரக் குடியிருப்பு, குறைந்த விலைக்குக் கிடைத்து, சீர்செய்யும் செலவும் கையிருப்பில் தனியே இருந்தால், நல்ல கொள்முதலாகவே அமையலாம். அண்டை வீட்டாரைச் சந்தித்துப் பேசாமல் மட்டும் அதை வாங்கலாகாது. மூல உரிமை வேறொருவரிடம் இருந்தாலும், கட்டடத்துக் குடியிருப்போரில் பாதிப்பேர் சேர்ந்தால் நிர்வாகத்தைத் தம் கைக்கு மாற்றிக்கொள்ள 2002ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்நிர்வாகமும் பழைய ஒப்பந்தம் வகுத்த எல்லைக்குள்தான் நடக்க முடியும் என்பதை மறக்கலாகாது.

ஆற்றல் திறன் சான்றிதழை எவ்வளவு நம்பலாம்? 2007 முதல் வீடு விற்போர் அதைக் காட்டியாக வேண்டும், பத்தாண்டு செல்லும். ஆனால் அது அளந்து எழுதியதன்று, கணித்து எழுதியது. வந்து பார்க்கும் மதிப்பீட்டாளர் சுவரைத் துளைத்துப் பார்ப்பதில்லை. கட்டிய காலத்தை வைத்து உள்ளிருப்பதை ஊகிக்கிறார். நாளில் வரையறுத்த சில மணிநேரம் மட்டும் சூடேற்றுவதாக எண்ணியே கணக்கு நடக்கிறது. பகலெல்லாம் முதியவர் இருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. ஆகவே சான்றிதழின் எழுத்தோடு நில்லாமல் அதன் உட்பக்கத்தைப் படிக்க வேண்டும். சுவர், கூரை, சன்னல், சூடேற்றும் முறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு வரி அங்கே உண்டு. தரம் தாழ்ந்ததற்குக் காரணம் பழைய மின்சூடேற்றி என்றால், அது மாற்றக்கூடியது. சுவர் என்றால், முன் சொன்ன வினாவுக்குத் திரும்ப வேண்டும். இச்சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் எவரும் காணக் கிடைக்கின்றன. அதே கட்டடத்தின் பிற குடியிருப்புகள் எத்தரம் பெற்றுள்ளன என்று ஒப்பிட்டுப் பார்க்கக் காசு செலவில்லை. அரைமணிப் பொழுது போதும்.

சான்றிதழைவிட நம்பத்தக்கவை இரண்டு. ஒன்று, விற்பவர் கட்டிய கடந்த ஓராண்டின் மின்கட்டணச் சீட்டு. தர மறுத்தால் அந்த மறுப்பே ஒரு செய்தி. மற்றொன்று, சனவரி மாதத்து மாலையில் அவ்வீட்டுக்குள் நிற்பது. அதற்காக வாங்குவதைச் சில மாதம் தள்ளிப்போடுவது இழப்பாகாது. அலமாரியை நகர்த்திச் சுவரில் கை வையுங்கள். மூலையில் மட்டும் புதுச்சாயம் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். வழக்கறிஞரிடம், ஒப்பந்தம் சரியாக உள்ளதா என்ற பொதுக்கேள்வியோடு நில்லாமல், சன்னற் சட்டம் யாருடையது, சுவரில் மாற்றம் செய்ய என்ன இசைவு வேண்டும், சேவைக் கட்டணக் கணக்கு மூன்றாண்டாக எப்படி இருந்தது, பெரும்பணி அறிவிப்பு ஏதும் வந்துள்ளதா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் விடை பெறுங்கள். வீட்டில் முதியவரோ இழுப்பு நோயுள்ள குழந்தையோ இருந்து, சுவரும் பிறருடையதாக, சூடேற்றுவதும் மின்சாரத்தால் மட்டுமாக இருந்தால், விலையில் எத்துணைக் கழிவு கொடுத்தாலும் அவ்வீடு வேண்டாம் என்பதே நம் தீர்ப்பு. கழிவு ஒருமுறை வருவது. கட்டணம் ஆண்டுதோறும் வருவது. நோய்க்கு விலையே இல்லை.

பிற்காலத்தில் வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடம் போகலாம் என்ற நினைப்பும் இங்கே உதவாது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2018 முதல் புதிய வாடகைக்கும், 2020 முதல் எல்லா வாடகைக்கும் குறைந்தது ‘இ’ தரம் வேண்டும். விதிவிலக்குப் பதிவு பெறாமல் எஃப், ஜி தர வீடுகளை வாடகைக்கு விடுதல் சட்டமீறல். 2030க்குள் இவ்வரம்பைச் ‘சி’ தரத்துக்கு உயர்த்துவது அரசின் நோக்கம். வாடகையாளர் நலன் கருதி நாம் அதை முழுமனத்தோடு வரவேற்கிறோம். ஆனால் இன்று குளிரும் குடியிருப்பை வாங்குபவர், நாளை அதை வாடகைக்கும் விட முடியாமல், வாங்குவாரும் அரிதாகிச் சிக்கிக்கொள்ளக் கூடும் என்பதை அவர் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

காப்பு இட்டுவிட்டார்கள் என்ற செய்தி கேட்டும் உடனே மகிழ்ந்துவிட இயலாத துயரம் நம் நினைவில் இருக்கிறது. 2017 சூன் 14 அன்று இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் மூண்ட தீ 72 உயிர்களைப் பறித்தது. ஓராண்டுக்கு முன்தான் அக்கோபுரம் புதுப்பிக்கப்பட்டிருந்தது. குளிரைக் குறைப்பதும் அப்பணியின் நோக்கங்களுள் ஒன்று. சுவரின்மேல் ஏற்றிய எரியக்கூடிய பலகைகளே தீயை மாடிக்கு மாடி கொண்டு சென்றன. அதன்பின் வெளிச்சுவர்ச் சான்று இல்லாத கட்டடங்களுக்குக் கடன்தர வங்கிகள் மறுத்ததால், விற்கவும் வழியின்றிக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தவித்தன. 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையோ, அண்மை அரசுத் திட்டங்களில் வெளிச்சுவர்க் காப்பு இட்ட வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் திருத்தியாக வேண்டிய குறைகள் உள்ளன என்றது. காப்பிட்ட கட்டடத்தில் வாங்குவோரும் எந்தப் பொருள், யார் இட்டது, யார் சான்றளித்தது என்ற மூன்றையும் ஆவணமாகக் கேட்க வேண்டும்.

இத்தனையையும் ஒரு குடும்பம் தனித்து ஆராய்ந்து அறிய வேண்டியிருப்பதே அரசின் தோல்வி. வீட்டைச் சூடேற்றப் பணமின்றி வாடும் குளிர்வறுமையை ஒழிக்கக் கடப்பாடு கொண்ட சட்டம் 2000ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2001இல் வகுத்த திட்டம் இங்கிலாந்தில் 2016க்குள் அது நீங்கும் என்று நாள் குறித்தது. அந்நாள் வருமுன்பே, 2013இல், குளிர்வறுமையை அளக்கும் முறை மாற்றப்பட்டது, இலக்கோ எட்டப்படவில்லை. பல திட்டங்கள் வந்து போயின. அவற்றுள் எதுவும் குத்தகைக் குடியிருப்பின் வெளிச்சுவரைத் தொடும் உரிமையை அதனுள் வாழ்பவருக்குத் தரவில்லை.

2025 மார்ச்சில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, இனிக் கட்டும் அடுக்ககங்களில் குத்தகை முறையை விலக்கி, குடியிருப்போரே கூட்டாக உரிமை கொள்ளும் முறையைக் கொண்டுவருவதாகக் கூறியது. நன்று. ஆனால் குளிர்வது இனிக் கட்டப்போகும் வீடன்று. ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் பழைய ஒப்பந்தங்களோடு வாழ்கின்றன. வெப்பக்காப்பு இடுவது பராமரிப்பே என்று ஸ்காட்லாந்து 2009இல் செய்த திருத்தத்தை இங்கிலாந்தின் எல்லாக் குடியிருப்புக் குத்தகைகளுக்கும் சட்டத்தால் பொருத்த வேண்டும். குடியிருப்போரில் பெரும்பான்மையோர் கேட்டால், தீப்பாதுகாப்புக்கு உட்பட்டு, மூல உரிமையாளர் தக்க காரணமின்றி மறுக்கலாகாது என விதிக்க வேண்டும். அச்செலவைத் தாங்க இயலாதவர்க்கு நெடுங்காலத் தவணைக் கடன் தர வேண்டும். விற்பவர் கடந்த ஓராண்டின் உண்மைக் கட்டணத்தைச் சான்றிதழோடு இணைத்தே காட்ட வேண்டும். குத்தகைச் சீர்திருத்த முன்வரைவு அவைக்கு வரும்போது இந்நான்கையும் திருத்தங்களாக முன்வைக்குமாறு தமிழர் செறிந்து வாழும் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அவர்களுக்கு எழுதும் மடலில், தாம் வாழும் குடியிருப்பின் சான்றிதழையும் சனவரி மாதத்துக் கட்டணச் சீட்டையும் இணைத்து அனுப்புமாறு வாசகர்களையும் வேண்டுகிறோம்.